டம்மி ஆளா, நிஜ ஆளா? – இணைய ஏலம் குறித்து வாசகர் கேள்விகள்

நாலு பேர் கூடி நிற்க, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவி விடும் ஏலத்தில் விலை கேட்டவரின் முகம் தெரியும். அவருக்கும் விற்பவருக்கும் என்ன உறவு என்பதும் ஊருக்குத் தெரியும். திரையில் ஏறும் எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் இந்தச் சந்தேகத்தைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன.

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து நாணயம் ஒன்று 31 டாலரில் நின்றது. 120 டாலர் வரை தருவேன் என்று பதிந்தேன். அடுத்த நொடியே விலை 96 ஆகிவிட்டது. இடையில் வேறு யாரும் கேட்கவில்லை. தளமே விலையை ஏற்றிவிடுகிறதா?
– வாசகர், காரைக்குடி

தளம் ஏற்றவில்லை. உங்களுக்கு முன்பே ஒருவர் "95 டாலர் வரை தருவேன்" என்று பதிந்து வைத்திருந்தார். அது உங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

ஈபேயில் நீங்கள் எழுதுவது கேட்கும் விலை அல்ல, உங்கள் உச்சவரம்பு. அதைத் தளம் ரகசியமாக வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பதிலாகத் தேவையான அளவு மட்டும் கேட்கும். மற்றவர்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. உங்கள் ஏலத்தில் நடந்ததை இப்படிப் பின்னோக்கிப் பாருங்கள். முதலாமவர் 95 என்று வைத்தார். இரண்டாமவர் 30 என்று வைத்தார். 30-க்கு மேல் ஒரு படி போதும் என்பதால் விலை 31-இல் நின்றது. நீங்கள் 120 வைத்ததும் முதலாமவரின் 95 முழுவதும் செலவாகி, அதற்கு மேல் ஒரு படியில், 96-இல், நீங்கள் முன்னிலைக்கு வந்தீர்கள். இனி யாரும் கேட்காவிட்டால் 96 கட்டினால் போதும். மிச்சம் 24 டாலர் உங்களுடையதே.

அந்தப் 'படி' விலையைப் பொறுத்து மாறும். ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் 5 முதல் 24.99 டாலர் வரை அரை டாலர், 25 முதல் 99.99 வரை 1 டாலர், 100 முதல் 249.99 வரை இரண்டரை டாலர், 250 முதல் 499.99 வரை 5, அதற்கு மேல் ஆயிரம் வரை 10. இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. இருவர் ஒரே உச்சவரம்பை வைத்திருந்தால் முதலில் வைத்தவருக்கே பொருள். இன்னொன்று, வெல்பவர் முழுப் படி மேலே போக வேண்டும் என்பதில்லை. நீங்கள் 95.40 என்று எழுதியிருந்தாலும் 95.40-க்கு நாணயம் உங்களுக்கு வந்திருக்கும். பழகியவர்கள் 120 என்று முழு எண்ணாக எழுதாமல் 120.37 என்று எழுதுவது அதனால்தான். வேறு யாரோ 120 என்று முழு எண்ணில் நின்றிருந்தால் அந்த 37 காசு அவரைத் தாண்டிவிடும்.

விலை திடீரென்று தாவ இன்னொரு காரணமும் இருக்கலாம். விற்பவர் ரகசியமாக ஒரு குறைந்தபட்ச விலை வைத்திருந்து, உங்கள் உச்சவரம்பு அதைத் தாண்டினால், விலை நேராக அந்தக் குறைந்தபட்ச விலைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட பொருளில் 'குறைந்தபட்ச விலை எட்டவில்லை' என்ற குறிப்பு முன்பே இருக்கும்.

இந்த ஏற்பாட்டின் வேர் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் எழுதிய ஆய்வில் இருக்கிறது. 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதிகம் கேட்டவருக்குப் பொருள், ஆனால் அவர் கட்டுவது இரண்டாமவர் கேட்ட விலை என்று வைத்தால், மனதில் உள்ள விலையைக் குறைத்துச் சொல்வதால் யாருக்கும் லாபமில்லை என்று அவர் காட்டினார். ஈபே அதற்கு மிக நெருக்கமானது. ஆனால் இந்த நியாயம் முழுவதும் ஒரே தூணில் நிற்கிறது: அந்த இரண்டாமவர் உண்மையிலேயே வாங்க வந்தவராக இருக்க வேண்டும். அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

இரண்டு சிறு குறிப்புகள். ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இப்போது நீங்கள் கேட்பது வெளிநாட்டுத் தளத்தில் என்பதால் பொருளை அனுப்பும் செலவையும் சுங்கவரியையும் கழித்துக்கொண்டு உச்சவரம்பை எழுதுங்கள். விற்கும் பக்கம் போக நினைத்தால் கவனம்: 100 ஆண்டைத் தாண்டிய நாணயத்தைத் தனியார் யாரும் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது.

இலங்கைத் தபால்தலைகள் சேர்க்கிறேன். ஒரே விற்பனையாளரிடம் நான் எதைக் கேட்டாலும் ஒரே ஆள் வந்து விலையை ஏற்றிவிட்டு, கடைசியில் விலகிவிடுகிறார். நட்சத்திரக் குறி போட்டு மறைத்த பெயர். இது செட்டப் ஆளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

உங்கள் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. ஆனாலும் முடிவுக்கு வருமுன் பதிவைப் பாருங்கள். பொருளின் பக்கத்தில் எத்தனை முறை விலை கேட்கப்பட்டது என்று காட்டும் எண்ணைத் தொட்டால் ஏல வரலாறு திறக்கும். பெயர் மறைந்திருந்தாலும் ஒவ்வொரு கேள்வியின், அதாவது ஒவ்வொரு முறை கேட்ட விலையின், தொகையும் நொடிவரை நேரமும் அங்கே இருக்கும். மறைத்த பெயரைத் தொட்டால் அவருடைய கடந்த 30 நாள் சுருக்கம் வரும்: எத்தனை முறை கேட்டார், எத்தனை பொருளுக்குக் கேட்டார், அதில் எத்தனை சதவீதம் இதே விற்பனையாளரிடம், கேட்டதை எத்தனை முறை திரும்பப் பெற்றார் என்பதெல்லாம்.

டம்மி ஆளின் வேலை வாங்குவது அல்ல. உங்கள் உச்சவரம்பு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பது. அந்த வேலை வரலாற்றில் தடம் விட்டே தீரும். 40, 42, 44, 46 என்று சில நிமிடங்களுக்குள் சிறு சிறு படியாக ஏறி, உங்கள் எல்லையைத் தொட ஒரு படி இருக்கும்போது நின்றுவிடுவார். பெரும்பாலும் ஏலம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே இதைச் செய்வார். கடைசி நிமிடத்தில் கேட்டால் தவறிப்போய் வென்றுவிடும் ஆபத்து இருக்கிறதே! பெயருக்குப் பக்கத்தில் உள்ள நற்பெயர் எண் பூஜ்யமாகவோ ஒற்றை இலக்கமாகவோ இருக்கும். கேட்டதில் 80, 90 சதவீதம் ஒரே விற்பனையாளரிடம் இருக்கும். எதையும் வென்றிருக்க மாட்டார். வென்றிருந்தால் அதே பொருள் அதே புகைப்படத்தோடு அடுத்த வாரம் மறுபடி ஏலத்துக்கு வந்திருக்கும். தபால்தலை என்றால் பல் வரிசையும் முத்திரை விழுந்த இடமும் கைரேகை மாதிரி. பழைய படத்தைச் சேமித்து வைத்திருந்தால் ஒப்பிட்டுவிடலாம்.

இவற்றில் ஒன்று மட்டும் பொருந்தினால் குற்றம் சொல்லாதீர்கள். இலங்கைத் தபால்தலை மாதிரிக் குறுகிய துறையில் நல்ல சரக்கு வைத்திருப்பவர் உலகத்திலேயே மூன்று நான்கு பேராக இருக்கலாம். உங்களைப் போலவே இன்னொரு சேகரிப்பாளர் அவரிடமே சுற்றிக்கொண்டிருப்பார். சதவீதத்தை அவர் கண்ணால் பார்த்தால், நீங்களும் அதே பட்டியலில் வருவீர்கள். சிறு படியாக ஏறுபவர்களில் பலருக்கு உச்சவரம்பு வைக்கும் முறை தெரியாது, அவ்வளவுதான். நான்கைந்து அடையாளமும் சேர்ந்து வந்தால், அதுவும் பல ஏலங்களில் திரும்பத் திரும்ப வந்தால், அப்போது புகார் செய்யுங்கள்.

புகாரை விற்பவருக்கு எழுதாதீர்கள். எழுதினால் அவர் வேறு பெயருக்கு மாறுவார், பலன் அவ்வளவுதான். பொருளின் பக்கத்திலேயே புகார் செய்யும் இணைப்பு உண்டு. பொருளின் எண், சந்தேகப்படும் கேள்விகளின் தேதி, நேரம், அதே ஆள் வந்த மற்ற ஏலங்களின் எண்கள் ஆகியவற்றைக் கொடுங்கள். வரலாற்றுப் பக்கத்தை ஏலம் முடிந்த அன்றே படம் பிடித்து வையுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு பாதி தளத்துக்குத் தெரியும்: இரண்டு கணக்கும் ஒரே கணினியிலிருந்தோ, ஒரே இணைய முகவரியிலிருந்தோ வருகிறதா, ஒரே அட்டை, ஒரே வீட்டு முகவரியா என்று அவர்களால் பொருத்திப் பார்க்க முடியும். ஆனால் இரண்டு நண்பர்கள் வேறு வேறு ஊரிலிருந்து மாறி மாறி ஏற்றிக் கொடுத்தால் கருவியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது மிஞ்சுவது கேட்கும் பாணி மட்டுமே. அங்கேதான் உங்களைப் போன்றவர்களின் புகார் தேவைப்படுகிறது.

இதெல்லாம் தண்டனை வரை போகுமா என்று கேட்பீர்கள். போயிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஈபேயில் ஓர் ஓவியம் 1,35,805 டாலருக்குப் போனது. ரிச்சர்ட் டீபென்கார்ன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் வரைந்தது என்று வாங்குபவர்கள் நம்பும்படி அதில் கையெழுத்து இருந்தது. விற்றவரே வேறு பெயரில் கேட்டிருந்தது தெரிந்ததும் ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு, பல பொய்க் கணக்குகளை வைத்து ஒருவர் பொருளுக்கு ஒருவர் விலை ஏற்றியதாக மூன்று பேர் மீது அமெரிக்க மத்திய அரசு வழக்குத் தொடர்ந்தது. 2010-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நீதிமன்றம், தன் பொருளுக்குத் தானே இன்னொரு கணக்கில் கேட்ட ஒரு விற்பனையாளருக்கு 5,000 பவுண்டு அபராதம் விதித்தது.

இந்தியாவிலும் சட்டம் தெளிவு, பழையதும்கூட. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவு: விற்பவர் தரப்பிலும் கேட்கப்படும் என்று முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவரோ அவர் ஏற்பாடு செய்த ஆளோ கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் வாங்கியவர் அதை மோசடி விற்பனையாகக் கொள்ளலாம். பொய்யாகக் கேட்டு விலையை ஏற்றியிருந்தால், வேண்டாம் என்று விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வருவதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே ஏலத்தின் இந்த நோயை நம் சட்டம் அறிந்திருந்தது.

ஒருவர் மிகப் பெரிய தொகை கேட்டார். நாங்கள் எல்லோரும் ஒதுங்கிவிட்டோம். பிறகு பார்த்தால் அவர் கேட்டதைத் திரும்பப் பெற்றுவிட, பொருள் அடிமாட்டு விலைக்கு வேறொருவருக்குப் போயிருக்கிறது. இதற்கு அனுமதி உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

இது டம்மி ஆளின் மறுபக்கம். அங்கே விற்பவருக்காக ஏற்றுகிறார்கள். இங்கே வாங்குபவருக்காக மற்றவர்களை விரட்டுகிறார்கள். ஒருவர் முதலில் 15 டாலர் வைக்கிறார். அவருடைய கூட்டாளிகள் இருவர் உடனே 590, 600 என்று வைக்க, திரையில் விலை 600 ஆகிறது. 70, 80 கேட்க வந்தவர்கள் எல்லாம் அந்த விலையைப் பார்த்துக் கேட்காமலே திரும்புகிறார்கள். கடைசியில் அந்த இரண்டும் திரும்பப் பெறப்பட, 15 வைத்தவர் நிற்கிறார்.

இதைத் தடுக்கவே ஈபேயில் திரும்பப் பெறுவதற்குக் கால எல்லை உண்டு. ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் திரும்பப் பெறலாம், ஆனால் அந்தப் பொருளுக்கு நீங்கள் கேட்ட எல்லாமே நீங்கிவிடும். 12 மணி நேரத்துக்குள் என்றால், கடைசியாகக் கேட்டதை மட்டும், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பெறலாம். காரணமும் மூன்றே: தொகையைத் தவறாக அடித்தது (99.50 என்பதற்கு 995 என்று), பொருளின் விவரம் நடுவில் பெரிதாக மாறியது, விற்பவரைத் தொடர்புகொள்ள முடியாதது. 'மனசு மாறிவிட்டது' என்பது காரணம் ஆகாது. திரும்பப் பெற்ற எண்ணிக்கை வரலாற்றில் நிற்கும் என்று மேலே சொன்னோம். அந்த எண் பெரிதாக இருக்கும் ஆளைத் தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. யாராவது பயமுறுத்தும் தொகை வைத்து உங்களைத் தாண்டினாலும் பொருளைக் கவனிப்புப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். கடைசி சில மணி நேரத்தில் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

ஏழு நாள் முன்னிலையில் இருந்தேன். முடிய 3 நொடி இருக்கும்போது ஒருவர் வந்து தட்டிக்கொண்டு போனார். இது அநியாயம் இல்லையா? இதை ஏன் தடை செய்யவில்லை?
– வாசகி, சிங்கப்பூர்

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அது அநியாயம் இல்லை. அவருடைய உச்சவரம்பு உங்களுடையதைவிட அதிகம், அதனால் வென்றார். ஏழு நாள் முன்பே அதே தொகையை வைத்திருந்தாலும் வென்றிருப்பார். ஒரே ஒரு கேள்விதான் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: அவர் கட்டிய விலைக்கு மேல் ஒரு படி தர நீங்கள் தயாராக இருந்தீர்களா? ஆம் என்றால், அதை உச்சவரம்பாக எழுதாமல் விட்டது ஏன்? "முதலில் கொஞ்சம் போட்டு வைப்போம், தாண்டினால் பார்க்கலாம்" என்று கேட்பவர்களைத்தான் கடைசி நொடிக்காரர் அடிக்கிறார். பார்க்க நேரம் தர மாட்டார்.

நேரம் முடிந்தால் முடிந்ததுதான் என்பது ஈபேயின் விதி. எல்லாத் தளமும் அப்படி இல்லை. ஜப்பானின் யாகூ ஏலத்தில், விற்பவர் அந்த வசதியைத் தேர்ந்திருந்தால், கடைசி 5 நிமிடத்தில் யாராவது விலையைத் தாண்டினால் நேரம் 5 நிமிடம் நீளும். நியூசிலாந்தின் டிரேட் மீ தளத்தில் 2 நிமிடம். அமேசான் 1999-இல் தொடங்கிய ஏலத் தளத்தில் 10 நிமிடம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் ஏலம் முடிந்தது; அந்தத் தளம் இப்போது இல்லை. ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் இந்த இரண்டு விதிகளையும் ஒப்பிட்டு 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எதிர்பார்த்ததுதான்: கடைசி நொடிக் கூட்டம் ஈபேயில் அதிகம், அமேசானில் குறைவு. கவனிக்க வேண்டியது அடுத்தது. ஈபேயில் அனுபவசாலிகள்தான் அதிகமாகக் கடைசி வரை காத்திருந்தார்கள். குறிப்பாகப் பழம்பொருட்களில். பொருளின் மதிப்பு தெரிந்தவர் முன்கூட்டி வந்து கேட்டால், "இவரே கேட்கிறார் என்றால் நல்ல சரக்கு" என்று மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுத்ததாகிவிடும் அல்லவா?

காத்திருப்பதால் டம்மி ஆளுக்கும் தடவிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. நேர்மையாக வாங்க வந்தவருக்கு இது ஒரு கவசம். ஆகவே எங்கள் யோசனை இதுதான்: உங்கள் உச்சவரம்பை முன்னாலேயே தாளில் எழுதிவிடுங்கள். முடிய 10 நொடி இருக்கும்போது, ஒரே தடவை, அந்தத் தொகையை வையுங்கள். 3 நொடிவரை காத்திருந்தால் அலைபேசி இணைப்பு தடுமாறி, கேட்டது சேராமலே போகலாம். உள்நுழைவு அந்த நேரம் காலாவதி ஆகி மறுபடி உள்நுழையச் சொல்லும் கதையும் நடக்கும், பத்து நிமிடம் முன்பே உள்ளே போய்விடுங்கள். உங்களுக்காகக் கடைசி நொடியில் கேட்டுத் தரும் வெளிச் செயலிகள் பல உண்டு. அவை உங்கள் ஈபே கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுக்காதீர்கள்.

ஏலத்தில் தோற்ற பிறகு, "வென்றவர் பணம் கட்டவில்லை, நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன்" என்று விற்பவரிடமிருந்து செய்தி வந்தது. வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

இரண்டு சோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் சோதனை, செய்தி உண்மையா என்பது. ஈபேயில் இரண்டாம் வாய்ப்பு என்ற முறை உண்டு. வென்றவர் 4 நாளில் கட்டாவிட்டால் விற்பவர் அந்த விற்பனையை ரத்து செய்துவிட்டு அடுத்தவருக்குத் தரலாம். ஆனால் உண்மையான வாய்ப்பு உங்கள் ஈபே கணக்குக்குள் இருக்கும் செய்திப் பெட்டியிலும் இருக்கும். மின்னஞ்சலில் மட்டும் வந்து, வேறு வழியில் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி.

இரண்டாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த வாய்ப்பில் உங்களிடம் கேட்கும் விலை உங்கள் முழு உச்சவரம்பு. இரண்டாமவருக்கு மேல் ஒரு படி என்ற சலுகை இங்கே இல்லை. டம்மி ஆள் தவறி வென்றுவிட்டால் விற்பவர் தப்பிக்கும் கதவும் இதுவே. ஆகவே ஏல வரலாற்றைத் திறந்து, கட்டாமல் போனவரின் கேள்விகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். உங்கள் உச்சவரம்பு 80, உங்களுக்கு அடுத்த நிஜ ஆள் 52 என்றால், நியாயமான ஏலத்தில் நீங்கள் 53 கட்டியிருப்பீர்கள். 80 கேட்பவருக்கு "53-க்கு என்றால் சரி" என்று பதில் எழுதுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். நல்ல விற்பனையாளர் ஒப்புக்கொள்வார், அல்லது மறுபடி ஏலம் விடுவார்.

ஐபோன் 40 டாலருக்கு ஏலம் போனதாக விளம்பரம் வருகிறதே, ஒவ்வொரு முறை கேட்கவும் சிறு கட்டணமாம்?
– வாசகர், சென்னை

ஒதுங்குங்கள். ஜெர்மனியில் தொடங்கி 2011-இல் மூடிய ஸ்வூபோ என்ற தளத்தின் கணக்கைப் பாருங்கள். ஒரு முறை கேட்க 60 சென்ட் கட்டணம். ஒவ்வொரு கேள்விக்கும் விலை 1 சென்ட் ஏறும் வகை ஏலத்தில் ஒரு பொருள் 40 டாலரில் முடிந்தது என்றால் 4,000 தடவை கேட்டிருக்கிறார்கள். கட்டணமே 2,400 டாலர். தோற்றவர்களுக்குக் கட்டணம் திரும்ப வராது. இதில் தளமே விற்பவர், தளமே நேரத்தை நீட்டுபவர், கேட்பது மனிதரா நிரலா என்று பார்க்க வழியும் இல்லை. இதை ஏலம் என்று சொல்வதே தவறு.

வங்கி ஜப்தி செய்த வீடு ஒன்று எங்கள் தெருவில் மின் ஏலத்துக்கு வருகிறது. அங்கேயும் டம்மி ஆட்கள் இருப்பார்களா? சிண்டிகேட் போட்டு எங்களைப் போன்றவர்களை ஒதுக்கிவிடுவார்களா?
– வாசகர், திருப்பூர்

ஈபேயில் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் கணக்குத் தொடங்கிக் கேட்கலாம். வங்கி ஏலத்தில் முடியாது. அடையாளச் சான்று, பான் எண் கொடுத்துப் பதிய வேண்டும். பெரும்பாலும் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதத்தை முன்வைப்பாகக் கட்டிய பிறகே கேட்கும் உரிமை வரும். வேடிக்கைக்குக் கேட்பவரை இந்தப் பணம்தான் தடுக்கிறது.

சிண்டிகேட்டுக்கு வருவோம். கூடி நின்று கூவும் ஏலத்தில் சிண்டிகேட் நடப்பதற்குக் காரணம், சொல்லை மீறிக் கேட்டவரை மற்றவர்கள் கண்ணால் பார்க்க முடிவது. மிரட்டலும் அங்கேயே நடக்கும். மின் ஏலத்தில் திரையில் விலை தெரியும், ஆள் தெரியாது. கூட்டத்தில் இருப்பவரே வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் கேட்டுவிடலாம் என்பதால் கூட்டுக்குள் நம்பிக்கை நிற்பதில்லை. ஆயினும் முழுவதும் ஒழியவில்லை. பதிவு செய்யும் முன்பே "இந்த வீட்டுக்கு நீங்கள் வராதீர்கள்" என்று பேசி ஆளைக் குறைப்பார்கள். அப்படி ஒப்பந்தம் போட்டுக் கேட்பது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 3-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டது. யாராவது உங்களிடம் வந்து பேசினால் வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஏல அறிவிப்பிலேயே அவருடைய தொடர்பு விவரம் இருக்கும்.

இந்த ஏலத்தில் அனுபவமில்லாதவர் தோற்பது சிண்டிகேட்டால் அல்ல, கெடுவால். ஒரு கணக்கு: குறைந்தபட்ச விலை 40 லட்சம், முன்வைப்பு 4 லட்சம். நீங்கள் 46 லட்சத்துக்கு எடுத்தீர்கள். விதிப்படி விலையில் கால் பங்கு, அதாவது 11.5 லட்சம், அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் சேர வேண்டும். முன்வைப்பு 4 லட்சம் அதில் கழியும், ஆக 7.5 லட்சம் கையில் தயாராக இருக்க வேண்டும். மீதி 34.5 லட்சம், விற்பனை உறுதியான 15 நாளுக்குள். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் நீட்டிக்கலாம், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் முடியாது. தவறினால் கட்டிய பணம் பறிபோகும், வீடு மறுபடி ஏலத்துக்குப் போகும். வீட்டுக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள், 15 நாளில் கடன் கைக்கு வருமா என்று ஏலத்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்கும் நாளன்று: அறிவிப்பில் ஒரு படி எவ்வளவு, நேர நீட்டிப்பு 5 நிமிடமா 10 நிமிடமா என்று பாருங்கள். நீட்டிப்பு இருப்பதால் இங்கே கடைசி நொடி வித்தைக்கு வேலையில்லை. தொகையை அடித்த பிறகு பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணுங்கள். ஈபே போல 'தவறாக அடித்துவிட்டேன்' என்று திரும்பப் பெறும் வசதி இங்கே கிடையாது. இணைப்பு அறுந்தால் வங்கி பொறுப்பேற்காது, அதனால் இரண்டாவது இணைப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் முன்னால் 30 ஆண்டு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, சொத்துவரி, மின்கட்டண பாக்கியை விசாரித்து, வீடு வங்கியின் கையில் நேரடியாக இருக்கிறதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே ஆள் குடியிருந்தால் காலி செய்யவைக்கும் சுமை விலையில் கழிந்திருக்க வேண்டும்.

என் மைத்துனர் ஈபேயில் கேமரா விற்கிறார். எனக்கு அது உண்மையாகவே வேண்டும். நான் ஏலத்தில் கேட்கலாமா?
– வாசகர், லண்டன்

கேட்காதீர்கள். உங்கள் எண்ணம் சுத்தமாக இருக்கலாம், ஆனால் விற்பவரின் குடும்பத்தார், வீட்டில் உடன் இருப்பவர், அவரிடம் வேலை பார்ப்பவர் ஏலத்தில் கேட்பதை ஈபே ஏற்பதில்லை. நீங்கள் தோற்றால், வென்றவர் உங்களால்தான் அதிகம் கட்டினார் என்று ஆகிவிடும். ஏல வரலாற்றில் உங்கள் பெயருக்கு நேரே மைத்துனரிடம் 100 சதவீதம் என்று நிற்கும், இருவர் கணக்குக்கும் ஆபத்து. ஏலம் தொடங்கும் முன் அவரிடம் பேசி, நிலையான விலை போட்டு உடனே வாங்கும் முறையில் பதியச் சொல்லி வாங்குங்கள். அதற்குத் தடை இல்லை. ஏற்கெனவே ஏலம் ஓடிக்கொண்டிருந்து மற்றவர்கள் கேட்டிருந்தால், அந்தக் கேமரா அவர்களுக்கு.